நாலாவது பாட்டில் வரும் குரல்

மாதாத்துறை
10.02.2005

மச்சினன் டெல்வினுக்கு ஆன்ட்ரூஸ் எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன். அங்கே நீ சுகமாக இருக்க மாதாவிடம் வேண்டிக்கொள்கிறேன்.

அக்காளின் அடக்கத்துக்கு வர முடியாமல் போனதற்காக நீ அழுது எழுதிய கடிதம் கிடைத்தது. பாஸ்போர்ட்டைக் கம்பெனிக்காரன் பிடித்து வைத்திருந்தால் நீ என்ன செய்வாய்? வந்திருந்தாலும் பார்க்க ஒன்றுமில்லை. ரீத்தாவையும் இன்னும் அறுபத்தியொரு பேரையும் கோவிலுக்கு வடக்கே ஒரே குழியில் வைத்தார்கள். கிறிஸ்மஸுக்கு எடுத்த சேலையைப் பார்த்து நான்தான் அடையாளம் சொன்னேன்.

சுனாமி உள்ளே புகுந்து போனாலும் நம் வீடு நிற்கிறது. என் மோட்டார் ஒர்க்‌ஷாப் போய்விட்டது. கித்தார் ததேயுஸ் அண்ணனுடைய வீடு இருந்த இடத்தில் மணல்தான் கிடக்கிறது. அவருடைய மகனும் போய்விட்டான்.

ஒரு காரியம் கேட்க வேண்டும். டிசம்பர் பத்தாம் தேதி வாக்கில் ரீத்தா உனக்கு ஒரு பார்சல் போட்டாள். அச்சப்பம், முந்திரிக்கொத்து, கூட ததேயுஸ் அண்ணனுடைய புதுக் கேசட். அது கிடைத்ததா? கேசட்டைக் கேட்டாயா? முழுவதும் கேட்டாயா? அதில் என்ன இருந்தது என்று எழுது. மற்றதை எழுதாவிட்டாலும் இதை எழுது.

வேறொன்றும் எழுத ஓடவில்லை.
அத்தான் ஆன்ட்ரூஸ்


ஷார்ஜா
21.03.2005

அத்தானுக்கு டெல்வினுடைய ஸ்தோத்திரம். சாப்பிடுகிறீர்களா? அம்மா போனில் உங்களைப் பற்றித்தான் அழுகிறாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பார்சல் ஜனவரி நாலாம் தேதி கையில் கிடைத்தது. அச்சப்பம் எல்லாம் பொடிந்துபோய் இருந்தது. அந்தப் பொடியைத் தின்ன எனக்கு வாய் வரவில்லை, கேம்ப்பில் இருப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

கேசட்டும் கேட்டேன் அத்தான், ரெண்டு பக்கமும். ஒரு விசேஷமும் இல்லை. நம்ம ததேயுஸ் அண்ணனா இது? திருவிழா மேடையில் அந்த மனுஷன் எலெக்ட்ரிக் கித்தாரைத் தோளில் மாட்டி ஒரு இழுப்பு இழுத்தால் மணலில் நிற்கிற அத்தனை பேரும் ஆடுவோமே! மாதாத்துறையில் ராக் பாட்டு என்றால் அவர்தானே? அறுபது வயதில் டிரம்மும் இல்லாமல், பேஸும் இல்லாமல், அலைச் சத்தத்தைப் பிடித்து வைத்து முனகியிருக்கிறார். குப்பை. நீங்களும் அப்படித்தானே முன்பு போனில் சொன்னீர்கள்?

லீவு கிடைத்தால் வருகிறேன்.
டெல்வின்


ஷார்ஜா
02.03.2012

அத்தானுக்கு டெல்வின் எழுதிக்கொள்வது. ஸ்தோத்திரம். முழங்கால் வலி இப்போது எப்படி?

கடிதமா என்று பயந்துவிடாதீர்கள். ஏழு வருஷமாக நமக்குள் போன்தான். அதிலும் நீங்கள் "சுகம், வைக்கட்டா" என்று வைத்துவிடுகிறீர்கள். லீவில் ரெண்டு தடவை வந்தபோதும் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. இது பெரிய விசயம், நாலு வார்த்தையில் சொல்ல முடியாது.

ததேயுஸ் அண்ணனுடைய கடைசி ஆல்பம், அந்த 'ஏழு பாகம் ஆழம்', நம் மீன்பிடிக்காரர்கள் கை விரித்துக் கயிறு அளக்கிற பாகத்தையே பேராக வைத்தாரே, ஞாபகம் இருக்கிறதா? இங்கே வளைகுடாவில் இருக்கிற நம் ஜில்லாக்காரர்கள் ஃபேஸ்புக்கில் அவருக்கு ஒரு குழு ஆரம்பித்திருக்கிறார்கள். அறுநூற்று நாற்பது பேர்! பழைய பாட்டையெல்லாம் போட்டு ஆடிக்கொண்டிருந்தவர்கள், இப்போது அந்தக் கடைசி ஆல்பத்தைக் கேட்டுவிட்டுக் கிடந்து உருகுகிறார்கள். அன்றைக்குக் காறித் துப்பியவர்கள்தான். ஒருத்தன் எழுதியிருக்கிறான்: "எனக்கு அப்போ இருபத்திரண்டு வயசு, அதான் புரியல. இப்போ முப்பது ஆகப்போவுது, தாயளி மனுஷன் எனக்க வாழ்க்கையப் பாடி வச்சிருக்கான்."

வேடிக்கை என்னவென்றால், ஒருத்தரிடமும் முழு கேசட் இல்லை. திருவிழாவில் வந்தது இருநூறு கேசட். விற்காதது ததேயுஸ் அண்ணன் வீட்டோடு கடலில் போயிற்று. வாங்கினவர்கள் பிடிக்கவில்லை என்று மேலே வேறு பாட்டுப் பதிந்துவிட்டார்கள். மிஞ்சியது ஒன்றே ஒன்று, பிரதீஷிடம். சுசீந்திரம் பக்கத்து ஆள், ஏசி மெக்கானிக், முன்பு என் கேம்ப்பில் இருந்தவன். அவன்தான் நேரம் கிடைக்கும்போது ஒவ்வொரு பாட்டாக நெட்டில் ஏற்றுகிறான். மூன்றாவது பாட்டில்,

"ஏழு பாகம் கயிறு விட்டேன், தரை தட்டவில்லை,
எட்டாம் பாகத்தில் இருந்து யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்"

என்று வருகிறதே, அதைக் கேட்டு எல்லோருக்கும் மயிர்க்கூச்செறிகிறது. அந்தப் பாட்டு வந்து மூன்றே வாரத்தில் கடல் வந்ததே! அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது என்கிறார்கள். நீங்கள் ஒரு தடவை அவரைப் பார்த்து இதையெல்லாம் சொல்லுங்கள். அந்த மனுஷனுக்கு சந்தோஷமாக இருக்கும்.

இன்னொன்று, அம்மா கேட்கச் சொன்னாள். ஆத்துமாக்கள் திருநாளுக்கு நீங்கள் வருஷா வருஷம் இறந்தவர்களுக்கென்று ரெண்டு பூசை எழுதிக் கொடுக்கிறீர்களாம். ஒரு சீட்டில் அக்காள் பேர், இன்னொரு சீட்டில் பேரே இல்லையாம். "ரெண்டாவது ஆருக்குலே? கேட்டுச் சொல்லு" என்று என் உயிரை வாங்குகிறாள்.

பதில் போடுங்கள்.
டெல்வின்


மாதாத்துறை
17.05.2012

டெல்வினுக்கு ஆன்ட்ரூஸ் எழுதுவது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. உனக்கு பிரஷர் என்று அம்மா சொன்னார்கள். உப்பைக் குறை.

பதில் போடத் தாமதம். எழுத மனமில்லை, அதுதான் உண்மை.

ததேயுஸ் அண்ணனிடம் சொன்னேன். அரசாங்கம் கட்டிக் கொடுத்த வீட்டில் தனியாக இருக்கிறார். கித்தாரைத் தொட்டு ஏழு வருஷம் ஆகிறது. சுனாமிக்குப் பிறகு இங்கே சிலர் அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, இவன் பாடிப் பாடித்தான் கடலை விளிச்சான் என்று. உன் அறுநூற்று நாற்பது பேரும் அதையேதான் புகழ்ச்சியாகச் சொல்கிறார்கள் போலிருக்கிறது. நான் சொன்னதும் அவர் கேட்டார்: "எனக்கு முன்னாடியே தெரியுமாக்கும்? தெரிஞ்சிருந்தா எனக்க மவன அன்னைக்கு வள்ளத்துல கடலுக்கு விடுவேனா மக்கா?" இதற்குப் பதில் உன் ஆட்களிடம் இருந்தால் அனுப்பு.

அப்புறம், அந்தப் பாட்டைக் குப்பை என்று எனக்கு எழுதியவன் நீதானே? அந்தக் கடிதம் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. ரெண்டு பக்கமும் கேட்டேன், ஒரு விசேஷமும் இல்லை என்று உன் கையெழுத்திலேயே இருக்கிறது. இப்போது எந்தக் காதால் கேட்கிறாய்?

ஊரில் மிஞ்சியது ஒரே கேசட் என்கிறாய். அப்படியானால் உன் கேசட் எங்கே?

அம்மாவிடம் சொல், ரெண்டாவது பூசையும் ஒரு ஆத்துமாவுக்குத்தான்.
ஆன்ட்ரூஸ்


ஷார்ஜா
08.06.2012

அத்தானுக்கு ஸ்தோத்திரம். கடிதத்தில் காரம் தூக்கலாக இருக்கிறதே! கோபம் இருக்கிறவரை உடம்பு தெம்பாக இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

பிரதீஷிடம் இருப்பது என் கேசட்தான். அன்றைக்கு நான் அவனுக்குக் கொடுத்தது. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

போன வாரம் நாலாவது பாட்டை ஏற்றினான், குழுவே அல்லோலகல்லோலப்படுகிறது. நான் இப்போது பாலைவனத்தில் சைட்டில் கிடக்கிறேன், பாட்டுக் கேட்கிற அளவுக்கு நெட் இல்லை. ஆட்கள் எழுதுவதை மட்டும் போனில் படிக்கிறேன். பாட்டு ஒரு நிமிஷம் கித்தாரில் போகிறதாம். திடீரென்று கித்தார் நின்று ஒரு பெண் பேசுகிறாளாம். பாட்டே இல்லை, வீட்டில் பேசுகிற பேச்சு. மழை பெய்தது, நெத்திலி காயவில்லை, பக்கத்து வீட்டுக் கோழி முட்டையிடவில்லை என்று. பின்னால் ஒரு மோட்டார் ஓடுகிறது, நிற்கிறது, திரும்ப ஓடுகிறது. கடைசியில், "ஒரு விசயம் சொல்லப்போறேன், ஆருட்டயும் சொல்லிராத கேட்டியா" என்கிறாள். அவ்வளவுதான். அதற்கு மேல் சத்தமே இல்லை!

என்ன விசயம் என்று இருநூறு பேர் சண்டை போடுகிறார்கள். ஒருத்தன், அவள் கடலம்மையாக்கும் என்கிறான். கத்தாரிலிருந்து ஒரு வாத்தியார், சொல்லாமல் விட்டதுதான் அந்த ஆல்பத்தின் உயிர், ததேயுஸ் மேதை என்று ரெண்டு பக்கம் எழுதியிருக்கிறார். அண்ணனிடம் கேட்டுச் சொல்லுங்கள் அத்தான், அந்தப் பெண் யார்? எந்த ஊர்?

டெல்வின்


மாதாத்துறை
20.06.2012

டெல்வின்,

உன் கடிதம் இன்று காலையில் வந்தது. இன்றே எழுதுகிறேன். சுகம் விசாரிக்க இப்போது நேரமில்லை, மன்னித்துக்கொள்.

ததேயுஸ் அண்ணனிடம் கேட்க வேண்டாம். அந்த மோட்டார் யார் ஓட்டியது என்று எனக்குத் தெரியும். தண்ணீர் டிரம்மில் இறக்கி ஓட்டிப் பார்த்த, படகின் அவுட்போர்டு மோட்டார் அது. இடம் நம் வீட்டு முற்றம்.

நீ லீவு போட்டுக்கொண்டு பிரதீஷிடம் போ. கேசட்டைக் கையில் வாங்கு. உட்கார்ந்து கேள். கேட்டுவிட்டு எழுது. போனில் கூப்பிடாதே, போனில் என்னால் முடியாது.

ஆன்ட்ரூஸ்


ஷார்ஜா
29.07.2012

அத்தான்,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கக்கூட எனக்கு அருகதை இல்லை.

அஜ்மானில் பிரதீஷ் அறைக்குப் போனேன். அவன் பாட்டைப் போட்டான். கித்தார் நின்றது. "எலே டெல்வினே, நான் ஒனக்க அக்காளாக்கும் பேசுதேன். கடிதம் எழுதினா நீ நாலு வரியில முடிச்சிட்டன்னு ஏசுவ, அதான் கேசட்டுல பேசுதேன். ஒனக்க அத்தானுக்கு இந்தப் பாட்டு பிடிக்கல்ல, அப்போ மேலயே பேசிரலாமுன்னு வச்சேன்" என்றாள். என் பேரையும் உங்களைச் சொல்லும் வரியையும் பிரதீஷ் நெட்டில் ஏற்றும்போது வெட்டியிருக்கிறான். முன்பு எப்போதோ யாரோ பதிந்த வீட்டுப் பேச்சு பாட்டோடு கலந்துவிட்டது என்று நினைத்தானாம். உலகத்தில் எத்தனையோ டெல்வின் என்று நினைத்தானாம். நான் அவன் கட்டிலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எட்டு வருஷத்துக்கு அப்புறம் அந்தக் குரல் அத்தான், அதே இழுப்பு, அதே சிரிப்பு.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கேசட்டை நான் கேட்கவே இல்லை. பார்சல் கையில் வந்தபோது அவள் போய் ஒன்பது நாள். மேலே அவள் கையெழுத்து. கேசட்டை ரெண்டு தடவை ரெக்கார்டரில் போட்டேன், பட்டனை அமுக்கக் கை வரவில்லை. வெறும் பாட்டுதானே என்று பிரதீஷிடம் தள்ளிவிட்டேன். நீங்கள் கேட்டாயா என்று எழுதியதும், அவள் கடைசியாக அனுப்பியதைக் கேட்கக்கூட இல்லையா என்று நினைப்பீர்களே என்று பயந்து பொய் எழுதினேன். நீங்கள் முன்பு சொன்ன குறையைத்தான் திருப்பி எழுதினேன். ஒரு பாட்டுக்கூட எனக்குத் தெரியாது.

"ஆருட்டயும் சொல்லிராத" என்ற இடத்தில் நாடா சிக்கி அறுந்து கிடக்கிறது. மிச்சம் சக்கரத்தில் இருக்கிறது. ஒட்டலாம், ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்று அவள் சொன்ன விசயத்தை நான் எப்படிக் கேட்டு எப்படி எழுதுவேன்?

என்னை மன்னியுங்கள்.
டெல்வின்


மாதாத்துறை
01.09.2012

அன்புள்ள டெல்வினுக்கு,

சாப்பிட்டாயா? தூங்குகிறாயா? பிரஷர் மாத்திரையை விடாதே. உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. தினமும் எழுத உட்கார்ந்து எழுந்து போனேன்.

உன் மேல் எனக்குக் கோபம் இருந்தது. ஏழு வருஷமாக இருந்தது. இன்றைக்கு எதற்காக என்று சொல்கிறேன்.

2004 டிசம்பர் எட்டாம் தேதி, மாதா திருநாள், மத்தியானம். நான் முற்றத்தில் ஒரு மோட்டாரை டிரம்மில் இறக்கி ஓட்டிக்கொண்டிருந்தேன். அவள் உள்ளே, பாட்டு மேல் பதிவாக வேண்டும் என்று கேசட்டின் ஓட்டையில் பேப்பர் அடைத்து உனக்குப் பேசிக்கொண்டிருந்தாள். பெட்ரோல் அடைப்பைப் பார்க்க மோட்டாரை நிறுத்தினேன். அப்போது காதில் விழுந்தது. "எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கு தம்பி. டாக்டரம்மா உறுதின்னு சொல்லியாச்சு. ஒனக்க அத்தானுக்கு கிறிஸ்மஸுக்குச் சொல்லணும், அதுவரைக்கும் வாயத் தொறக்காத."

கல்யாணமாகி ஏழு வருஷம். அவள் ஏறாத கோவிலில்லை. எனக்கு அந்த மோட்டாரைத் தூக்கிக் கடலில் எறிந்துவிட்டு உள்ளே ஓட வேண்டும் போலிருந்தது. ஆனால் அவள் எனக்காக ஆசையாக வைத்திருப்பதை நான் எப்படிக் கெடுப்பேன்? மோட்டார் சத்தம் நின்றிருப்பதை அப்போதுதான் கவனித்தாள் போல, நான் கேட்கிறேனோ என்று பேச்சை நிறுத்திவிட்டாள். அவளுக்குச் சந்தேகம் வரக் கூடாது என்று உடனே கயிற்றை இழுத்துத் திரும்ப ஓட்டினேன். அவள் மறுபடி பேச ஆரம்பித்தாள். நடுவில் "பேரு கூட வச்சாச்சு" என்பது மட்டும் கேட்டது. பேர் கேட்கவில்லை. மோட்டார் அமுக்கிவிட்டது. என் கையால் ஓட்டிய மோட்டார்.

கிறிஸ்மஸ் அன்று வீடு நிறைய ஆள். ராத்திரி படுக்கப் போகும்போது, "நாளைக்குப் பூசை முடிஞ்சு வாங்க, ஒரு விசயம் சொல்லணும்" என்றாள். நானும் ஒன்றும் தெரியாதவன் போல, "என்ன விசயம், மீன் விலையா?" என்று கிண்டல் பண்ணினேன். மறுநாள் பூசை முடிந்து, அவள் சொல்லும்போது கையில் கொடுக்க வேண்டும் என்று புதுக்கடை டவுனுக்கு கேக் வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது ஊர் இல்லை.

உனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். கேட்டாயா என்று எழுதினேன். நீ, கேட்டேன், ஒரு விசேஷமும் இல்லை, குப்பை என்று எழுதினாய். மறைக்கிறான், என் மேல் இரக்கப்பட்டு மறைக்கிறான் என்று முதலில் நினைத்தேன். அப்புறம், என் பிள்ளையின் பேரைத் தன்னிடமே வைத்துக்கொண்டானே என்று வெறுப்பு வந்தது. நேரடியாகக் கேட்கவும் பயம். அப்படி ஒன்றும் இல்லை என்று நீ சொல்லிவிட்டால், என் காதில் விழுந்த அந்த நாலு வார்த்தையும் பொய்யாகிவிடுமே.

ரெண்டாவது பூசை யாருக்கு என்று அம்மா கேட்டார்களே. கோவிலில் சீட்டு வாங்குகிற உபதேசியாரும் வருஷா வருஷம், "பேரு எழுதல்லியே ஆன்ட்ரூஸ்" என்று சீட்டைத் திருப்பி நீட்டுகிறார். நான் என்ன எழுதுவேன்?

நாடாவை ஒட்டு. கேள். எனக்கு அந்தப் பேர் வேண்டும் டெல்வின். வேறு ஒன்றும் வேண்டாம்.

அத்தான்


ஷார்ஜா
12.10.2012

அத்தான்,

சுகமாக இருங்கள். இந்தக் கடிதத்தைக் கடையில் நின்று படிக்காதீர்கள், வீட்டில் உட்கார்ந்து படியுங்கள்.

பிரதீஷும் நானுமாக ஒட்டினோம். பிளேடால் ரெண்டு நுனியையும் சாய்வாக வெட்டி, செல்லோடேப்பை நூல் அகலத்துக்குக் கீறி, பின்பக்கம் ஒட்டி, பென்சிலை விட்டுச் சுற்றினோம். வெட்டியது அவன்தான், நான் நுனியைப் பிடித்துக்கொண்டேன். வெட்டியதில் ஒரு நொடி போயிருக்கும். அவள் பேச்சில் குறை ஒன்றும் இல்லை.

நீங்கள் எழுதியபடியே இருக்கிறது. மோட்டார் நிற்கிறது. "நாள் தள்ளிப் போயிருக்கு" என்கிறாள். பிறகு மூச்சுச் சத்தம் மட்டும். மோட்டார் திரும்ப ஓடுகிறது. அவள் சிரிக்கிறாள். அவள் பேசுவதை அப்படியே எழுதுகிறேன்:

"ஒனக்க அத்தான் வெளிய மோட்டார ஓட்டுதாவ. இவ்வளவு நேரம் நிறுத்தி வச்சிட்டு இப்போ ஓட்டுதாவ. கேட்டுட்டாவளோ என்னமோ! கேட்டிருந்தாலும் கேக்காத மாதிரிதான் இருப்பாவ, எனக்குத் தெரியும், அது அப்படியொரு மனுஷன். எலே, பேரு கூட வச்சாச்சு. பெபிஷா. பொம்பளப் பிள்ளதான், நீ பாத்துக்கோ. அம்மை பேர வைக்கல்லன்னு அவ கெடந்து குதிப்பா, குதிக்கட்டு. பெபிஷா. நல்லாருக்கா? நீ தாய்மாமன், வரும்போ கொலுசு கொண்டு வரணும் கேட்டியா. சரி, வைக்கட்டா."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது அத்தான். நீங்கள் கேட்டது அவளுக்குத் தெரியும்.

பிரதீஷ் அழுதான். குழுவில் எல்லோரும் அடுத்த பாட்டு எங்கே, அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று கேட்டு நச்சரிக்கிறார்கள். புது சிடியாகப் போடப் பணம்கூடச் சேர்த்துவிட்டார்கள். நாலாவது பாட்டை என்ன செய்ய? எடுத்துவிடச் சொன்னால் இன்றே எடுத்துவிடுவான்.

டிசம்பரில் வருகிறேன். கேசட்டை என் கையாலேயே கொண்டு வருகிறேன். தபாலை இனி நம்ப மாட்டேன்.

டெல்வின்


மாதாத்துறை
03.11.2012

அன்பு மச்சினன் டெல்வினுக்கு ஆன்ட்ரூஸ் எழுதுவது. நான் சுகம். நிஜமாகவே சுகம்.

உன் கடிதத்தை ததேயுஸ் அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். அவர் பாட்டு, அவரிடம் கேட்க வேண்டுமே. அவள் பேசியதைத் திரும்ப ஒரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு, "அந்த நாலாவது பாட்டு அந்த எடத்துல இருந்து எனக்கும் சரியா வரல்ல மக்கா. எப்படி முடிக்கன்னு தெரியாம சும்மா இழுத்து வச்சிருந்தேன். ஒனக்க பெண்டாட்டி வந்து நிறுத்திச்சு. அப்படியே கெடக்கட்டு" என்றார். என்னை மேதை என்று எழுதினவனிடம் உண்மையைச் சொல்லிவிடு என்றும் சொன்னார். சொல்ல வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். "ஆருட்டயும் சொல்லிராத" என்பது வரைக்கும் உங்கள் ஆட்கள் கேட்கட்டும், என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும். அதற்கு மேல் நம் வீட்டுக் காரியம்.

நான் கிளம்பும்போது அவர், மகன் வைத்திருந்த பழைய கித்தார் ஒன்று மருமகள் வீட்டில் கிடக்கிறது, கம்பி வாங்கி வரச் சொல் என்றார். வரும்போது ஒரு செட் கம்பி கொண்டு வா.

நேற்று ஆத்துமாக்கள் திருநாள். உபதேசியார் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும், "ரெண்டு சீட்டுதானே? இந்த வருஷமாவது பேரு உண்டா?" என்று கேட்டார். ரெண்டையும் எழுதிக் கொடுத்தேன். முதல் சீட்டைப் படித்தார், தலையாட்டினார். ரெண்டாவதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பெபிஷா. இது ஆரு?"

"எனக்க மவ" என்றேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்தச் சீட்டை ரீத்தாவின் சீட்டோடு சேர்த்து வைத்தார். பூசையில் சாமியார் மைக்கில் பேர்களை வாசிக்கும்போது ரீத்தாவை அடுத்து அவள் பேரும் வந்தது. பெஞ்சில் இருந்த எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

அம்மாவிடம் நீயே சொல். டிசம்பரில் வரும்போது கொலுசை மறக்காதே.

உன் அத்தான்
ஆன்ட்ரூஸ்